ஜெனிட்டாவுக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் கிடையாது. யார்மேலும் கோபம் கிடையாது. முதல் இரண்டும் சுலபம்.

போன மாதம் நடந்த முகாமில், வாலிபத் தலைவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார்கள். பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்: என் பெயர் ஹெப்சிபா. வயது இருபத்தைந்து. நர்சரி பள்ளியில் டீச்சர். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு மூன்று வருடமாக நான்தான் செயலாளர்.

இந்த வருடம் ஒரு விசேஷம் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் ஆராதனையில், இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசுவார்கள். இதுவரை சபைப் போதகரான ஐயர், உபதேசியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ரத்தினசாமி சார் என்று பெரியவர்கள்தான். இந்த வருடம் முதல் வார்த்தையை வாலிபரில் ஒருவருக்குக் கொடுக்கப்போவதாக ஐயர் அறிவித்தார். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. செயலாளர் யார் என்று ஊருக்கே தெரியும்.

அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போடுகிறாள். "ஏட்டி, மாவு பொங்கி வழியுது, நீ உக்காந்து எழுதிட்டு இரி!"

மார்ச் 9, ஞாயிறு

வாலிபர் கூட்டத்துக்கு இருபத்தெட்டு பேர். போன வருடம் இதே வாரம் பதினொன்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

காரணம் ஜெனிட்டாவாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜெனிட்டா ஆறு மாதத்துக்கு முன் அம்மாவோடு இந்த ஊருக்குக் குடிவந்தவள். இருபத்தொரு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். அங்கே பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் பேசிப் பேசியே கூட்டிவந்துவிட்டாள். அதே பையன்களை நான் மூன்று வருடமாகக் கூப்பிட்டிருக்கிறேன். நோட்டீஸ் கூட அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் சுண்டல் மடித்துத் தின்றார்கள்.

வேதபாடம் நான் எடுத்தேன். நாற்பது நிமிடம். தயாரிக்க மூன்று நாள் ஆனது. முடிந்ததும் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாய்களைச் சுருட்டினேன். அவள் ஓடிவந்து, "குடுங்கக்கா, நான் சுருட்டுதேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அதையும் அவளே செய்துவிட்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

மார்ச் 12, புதன்

தண்ணீர் வரும் நாள். ஆறு குடம், இரண்டு டிரம். தோள் வலிக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வேறு ஊரிலிருந்து வந்து நம் சபையில் சேருகிறவர்கள் பழைய சபையிலிருந்து இடமாற்றக் கடிதம் கொண்டுவர வேண்டும். ஐயர் கையெழுத்து, சபை முத்திரையோடு. அது இல்லாமல் அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் ஏறாது. பெயர் ஏறாதவர்களுக்குச் சபையில் பொறுப்பு கொடுப்பதில்லை. இது நான் போட்ட சட்டம் இல்லை, என் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது.

ஜெனிட்டா இன்னும் கடிதம் தரவில்லை. இன்று கூட்டம் முடிந்து நடக்கும்போது நான்காவது தடவையாகக் கேட்டேன். செயலாளர் கேட்காமல் யார் கேட்பார்கள்?

அவள் நின்றுவிட்டாள். "அக்கா, உங்ககிட்ட சொல்லலாமா?" என்றாள்.

சொன்னாள். பழைய ஊரின் பெயரையும் சொன்னாள். அவளுடைய அப்பா சாகவில்லையாம். இங்கே எல்லோரும் அவள் அம்மாவை விதவை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதர் குடித்துவிட்டு அடிப்பாராம். கடைசி தடவை அம்மாவின் கை ஒடிந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு பைகளோடு கிளம்பி வந்துவிட்டார்கள். "அங்க லெட்டர் கேட்டா எந்தச் சபைக்குன்னு கேப்பாங்கக்கா. அன்னைக்கே அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். ஐயர்ட்ட மட்டும் சொல்லிருக்கோம். இப்ப உங்ககிட்டயும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். ரோட்டில் வைத்தே ஜெபித்தேன். நல்ல ஜெபம். அவள் அழுதாள். ஒரு தலைவருக்கு இப்படிப்பட்ட நேரங்கள்தான் முக்கியம்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் வார்த்தை ஜெனிட்டாவுக்கு.

அறிவிப்புகளோடு அறிவிப்பாக, ஏழு பேரையும் வரிசையாக ஐயர் வாசித்தார். முதல் பெயரே அவளுடையது. பெண்கள் பக்கத்திலிருந்து பத்துப் பேராவது திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். கன்னம் வலித்தது.

ஆராதனை முடிந்து முதல் ஆளாகப் போய் வாழ்த்தினேன். "எனக்கு பயமா இருக்குக்கா, நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாள். பயமாம். ஐயரிடம் முடியாது என்று சொல்லியிருக்கலாமே?

மார்ச் 24, திங்கள்

பதிவேட்டில் பெயரே இல்லாத ஒருத்தி பீடத்தில் ஏறலாம். மூன்று வருடம் பாய் சுருட்டியவள் கீழே உட்கார்ந்து கேட்கலாம். நான் கோபப்படவில்லை. லெந்து.

மார்ச் 26, புதன்

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆப்பிள் படத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். ஒருத்தன் நீலத்தில் தீட்டியிருந்தான். அவனைக் கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன்.

இரவு ஜெபத்தில் ஜெனிட்டாவுக்காக ஒரு மணி நேரம் ஜெபித்தேன். அவள் குடும்பம் உண்மையிலேயே பெரிய பிரச்சினையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய பாரத்தை நான் ஒருத்தியே சுமப்பது சரியா என்று தோன்றுகிறது.

மார்ச் 29, சனி

பெண்கள் உபவாச ஜெபம். காலை பத்து மணி, வேதமணி பெரியம்மா வீட்டில். இருபது பேர் இருந்தோம். பெரியம்மாவின் பேத்தி பெர்சிஸும் பாயில் உட்கார்ந்திருந்தாள். என் ஞாயிறு பள்ளி வகுப்புப் பிள்ளை, பத்து வயது.

விண்ணப்பங்கள் சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்கு மகனுக்கு விசா. என் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, "ஜெனிட்டா குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்" என்றேன். அதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். "அவளுக்கு என்னட்டி?" என்று பெரியம்மா கேட்டார்கள். குறிப்பாகத் தெரிந்தால்தானே குறிப்பாக ஜெபிக்க முடியும்? அப்பா உயிரோடு இருப்பதைச் சொன்னேன். அம்மா பிரிந்து வந்திருப்பதைச் சொன்னேன். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன்.

"ஐயோ, பாவம்" என்றார்கள் எல்லோரும். பிறகு பெரியம்மா, "அப்ப அவ புருஷன விட்டுட்டு வந்தவளா?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. யாரையும் குற்றப்படுத்த அங்கே போகவில்லை.

நன்றாகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். மனது இலேசாகிவிட்டது. வரும் வழியில் அம்மாவுக்கு வாழைக்காய் வாங்கினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்று கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஐயரைப் போய்ப் பார்த்தார்களாம். ரத்தினசாமி சார் ஒருவர். புருஷனைப் பிரிந்து வந்த வீட்டுப் பெண், இடமாற்றக் கடிதமும் இல்லை, பெரிய வெள்ளியன்று பீடத்தில் ஏறுவது சபைக்கு அழகா என்று கேட்டிருக்கிறார்கள். ஐயர் முடியாது, அவள்தான் பேசுவாள் என்று சொல்லிவிட்டாராம். விஷயம் எப்படியோ ஜெனிட்டா காதுக்குப் போய், இன்று அவளே ஐயரிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஐயர் போன் செய்தார். முதல் வார்த்தை எனக்கு. அவர் குரல் சுரத்தே இல்லாமல் இருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கர்த்தர் ஒரு கதவைத் திறந்தால் யாரும் அடைக்க முடியாது.

வெள்ளைச் சேலை ஒன்று எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் மனன வசனப் போட்டி. ஆல்வின் என்ற பையன் முதல், பெர்சிஸ் இரண்டாவது. மூன்று வருடமாக அவள்தான் முதல். ஆல்வினுக்குப் பரிசு கொடுத்தபோதுகூட அவள் முகம் மாறவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

வகுப்பு முடிவில் பிள்ளைகள் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்லுவார்கள். பெர்சிஸ் கையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆல்வின் குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்" என்றாள். "அவங்க அப்பாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. கம்பெனில திருடிட்டாங்களாம்."

இருபத்திரண்டு பிள்ளைகள். ஆல்வின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கையில் பரிசு டப்பா. அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.

பெர்சிஸைத் தனியாகக் கூப்பிட்டு அதட்டினேன். அப்படியெல்லாம் சொல்லலாமா என்று கேட்டேன். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீங்க பாட்டி வீட்டுல இப்படித்தானக்கா சொன்னீங்க?" என்றாள். "நான் உங்கள மாதிரியே சொன்னேன்லா?"

நான் பாராட்டுவேன் என்று காத்து நின்றாள் பிள்ளை. நான் ஆல்வினின் செருப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறக்கவில்லை. செருப்பை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சாப்பாடு இறங்கவில்லை. லெந்து என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

ஜெனிட்டாவின் அப்பா வந்துவிட்டார். வேதமணி பெரியம்மாவின் நாத்தனார் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பெரியம்மா அவர்களுக்குப் போனில் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் தங்கள் ஜெபக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் அந்த மனிதர் மெடிக்கலுக்கு எதிரே வந்து நிற்கிறார். மதியம் பன்னிரண்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நின்றாராம். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜெனிட்டாவைப் பின்வழியாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடைப் பையன்கள் நான்கு பேர் அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள்.

இதையெல்லாம் பெரியம்மாதான் என்னிடம் சொன்னார்கள். "நாம ஜெபிச்சதுக்கு கர்த்தர் குடும்பத்த ஒண்ணா சேக்காரு பாத்தியா" என்றார்கள்.

மார்ச் 29-ஐத் திருப்பி வாசித்தேன். 'குறிப்பாகத் தெரிந்தால்தானே குறிப்பாக ஜெபிக்க முடியும்' என்று எழுதியிருக்கிறேன். பொய். எனக்குப் பொறாமை. அவள் பெயரை ஐயர் வாசித்த அன்றைக்கே அவள் கீழே விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பா வருவார் என்று நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனால் அவள் விழுவாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகளோடு ஓலை பிடித்துப் பவனி. ஜெனிட்டா வரவில்லை. அவள் அம்மாவும் வரவில்லை. பெட்டிக்கடைப் பையன்களில் ஒருவன்கூட இல்லை. ஆல்வின் வந்தான், ஆனால் என் வகுப்பு வரிசையில் நிற்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பிரசங்கம் ஏழு பக்கம் எழுதி முடித்தேன். சேலைக்கு ஃபால்ஸ் தைத்து வந்துவிட்டது. இரண்டு தடவை ஜெனிட்டா வீட்டுத் தெரு வரை போய்த் திரும்பிவிட்டேன். முதல் தடவை நாய் குரைத்தது. இரண்டாம் தடவை நாய்கூட இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயில் நிறைய ஆட்கள், வாசலில் பந்தல் வரை. முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்கள் தெரியாமல் செய்கிறார்கள் என்று அவர்களுக்காக இயேசு பிதாவிடம் பரிந்து பேசுவது. எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.

பீடத்தில் ஏறினேன். ஏழு பக்கத்தையும் விரித்து வைத்தேன். ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

"அவங்க தெரியாம செஞ்சாங்க. நான் தெரிஞ்சே செஞ்சேன்" என்றேன். "ஒருத்தங்க என்னை நம்பிச் சொன்னத, ஜெப விண்ணப்பம்னு பேரு வச்சு வெளிய சொல்லிட்டேன். அக்கறையில இல்ல, பொறாமையில. அவங்க பேரச் சொல்ல மாட்டேன். ஒரு தடவ சொன்னதே அதிகம். இந்த வார்த்தையப் பத்திப் பேச எனக்கு அருகதை இல்ல." இறங்கிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மீதி நேரத்தை ஐயர் மௌனமாகவே விட்டார். எங்கோ ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வெளியே வந்தால் ஒரே கூட்டம் என்னைச் சுற்றி. "என்ன தாழ்மைட்டி உனக்கு!" என்று கட்டிப்பிடித்தார்கள். வேதமணி பெரியம்மா அழுதார்கள், தங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்ற யோசனையே இல்லாமல். ரத்தினசாமி சார், "முப்பது வருஷத்துல இப்படி ஒரு செய்தி கேட்டதில்ல. மே மாச முகாமுக்கு நீதான் பேசுத" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. மே மாதத்துக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

ஜெனிட்டா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறாள். கூட்டம் கலைந்ததும் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"நல்லா பேசுனீங்கக்கா" என்றாள். "நானூறு பேர்ட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்டதான் இன்னும் சொல்லல."

நான் வாயைத் திறப்பதற்குள் பையன்கள் இரண்டு பேர் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 19, சனி

காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டேன். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பாதி சாமான் ஏற்றியாகிவிட்டது. ஜெனிட்டா ஒரு மர பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெனி, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். பீரோ, இரண்டு பாய், கேஸ் சிலிண்டர், தையல் மிஷின். அவளுடைய அம்மாவை இன்றுதான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். இடது கை முழங்கைக்குக் கீழே லேசாகக் கோணியிருந்தது. அந்தக் கையாலேயே எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கஷ்டப்படுத்திட்டோமே பிள்ளைய" என்றார்கள். அவர்களுக்கு நான் செய்தது தெரியாது. ஜெனிட்டா சொல்லவில்லை.

வண்டி நிறைந்ததும் அவளிடம் சொன்னேன். பீடத்தில் வந்த மாதிரி ஒழுங்காக வரவில்லை. "நீ வந்ததுல இருந்தே எனக்கு உன்மேல எரிச்சல். பையங்க உன்கூட சிரிச்சா எரிச்சல். முதல் வார்த்தை எனக்குக் கிடைக்கணும்னுதான் சொன்னேன். உங்கப்பா வருவாங்கன்னு தெரியாது, ஆனா மத்ததெல்லாம் தெரியும்."

அவள் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடிச்சுப் போட்ட பிறகு திரும்பினாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு எதிர்பாக்காதீங்கக்கா. இன்னும் வரல. வந்துச்சுன்னா சொல்லுதேன்." கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "பையங்கள விட்றாதீங்க. நோட்டீஸ் எல்லாம் அடிக்காதீங்க. போய் பக்கத்துல உக்காருங்க, அவ்வளவுதான்" என்றாள்.

எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. டிரைவர்தான் வண்டியை எடுக்கும்போது, எந்த வழியாகப் போவது என்று அவள் அம்மாவிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார். என் காதில் விழுந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பும் வழியில் ஆல்வின் வீட்டுக்கும் போனேன். அவன் அம்மாவிடம் பேசினேன். அவன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. ஐயரிடம் செயலாளர் பொறுப்பை விட்டுவிடுவதாகச் சொன்னேன். "விட்டுட்டுப் போறது சுலபம்மா, மே மாசம் வர இருந்து பாயைச் சுருட்டு" என்றார். சரி என்றேன். முகாமில் பேச மாட்டேன் என்று ரத்தினசாமி சாரிடம் சொன்னேன். அவர் அதையும் தாழ்மை என்றார். என்ன செய்வது?

பெட்டிக்கடைப் பையன்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஜெனிட்டா அக்காவைத்தான் கேட்டார்கள். என்னை யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சுருக்கென்றது. நேற்று அவளிடம் அத்தனையும் சொன்ன பிறகும் சுருக்கென்றது. அவர்கள் பக்கத்தில் பந்தல் நிழலில் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.

வேதமணி பெரியம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். "ஏட்டி, அவ்வோ வீட்ட காலி பண்ணிட்டாவளாமே? எந்த ஊருக்குப் போயிருக்காவ? சனிக்கிழமை ஜெபத்துல வச்சுப் பாரத்தோட ஜெபிக்கணும். உனக்குத் தெரியாம இருக்காதே?"

"தெரியும், பெரியம்மா" என்றேன். "ஜெபிங்க. ஊர்ப் பேரு இல்லாமலே ஜெபிக்கலாம். கேக்குறவருக்குத் தெரியும்."